நல்ல சப்பாத்தின் குதி பழுதானால்: ஊரில் அடிப்பதா, கொழும்புக்கு அனுப்புவதா, கைவிடுவதா?

நல்ல விலை கொடுத்து வாங்கிய தோல் சப்பாத்தின் குதி தேய்ந்தோ, கழன்றோ, பிளந்தோ போனால் என்ன செய்வது? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இந்தக் கேள்வியோடு திண்டாடுபவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. நீதிமன்றத்துக்கோ வங்கிக்கோ தினமும் கறுப்புச் சப்பாத்தோடு போகிறவர்கள். தங்கள் கலியாணத்துக்கு வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டு, தம்பியின் கலியாணத்துக்கு வெளியே எடுக்கிறவர்கள். சுவிஸிலோ லண்டனிலோ கட்டாரிலோ இருக்கும் அண்ணன் அனுப்பிய சோடியை வைத்திருப்பவர்கள்.

மூன்று பேருக்கும் ஒரே பதில் பொருந்தாது. ஆனால் மூன்று பேரும் ஒரே மாதிரித்தான் முடிவெடுக்கிறார்கள். ஒன்று, சந்தைப் பக்கம் இருக்கும் தைப்பவரிடம் கொடுத்து "சரியாக்கித் தாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அல்லது "இதெல்லாம் இங்க சரிவராது" என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். இரண்டுமே எனக்குக் கவலை தருகிற முடிவுகள். குதி வேலையில் பெரும்பகுதிக்கு ஊரில் இருக்கும் கைத்திறன் தாராளமாகப் போதும். இங்கே தட்டுப்பாடாக இருப்பது சரியான பொருள்தான். பொருளை வெளியிலிருந்து எடுப்பித்து, வேலையை ஊரில் செய்விப்பதுதான் பலருக்கும் நல்ல வழி என்பது என் கருத்து. அது எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்று பார்ப்போம்.

## எவற்றை வைத்து முடிவெடுப்பது

எந்த அடுக்கு பழுது? குதி என்பது ஒரே கட்டி இல்லை. நிலத்தில் படுவது ஒரு றப்பர் துண்டு; சாதாரணமாக 6, 7 மில்லிமீற்றர் தடிப்பம். அதற்கு மேலே, நல்ல சப்பாத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி ஆணி அடித்த தோல் அடுக்குகள். மலிவான சப்பாத்தில் அந்த இடத்தில் பிளாஸ்டிக் கட்டியோ, அழுத்திய நார் அட்டையோ இருக்கும். வெளியே கோடு கீறி, வர்ணம் பூசி, தோல் அடுக்கு மாதிரிக் காட்டியிருப்பார்கள். அதற்கும் மேலே சோலும், குதிக்காலைச் சுற்றிப் பிடிக்கும் விறைப்பான பின்பகுதியும். கீழேயுள்ள றப்பர் தேய்வது பழுதே இல்லை. அது தேயத்தான் போட்டிருக்கிறது. சைக்கிளில் டயர் தேய்ந்தால் மாற்றுகிறோம், றிம் நிலத்தில் உரசும் வரைக்கும் ஓடுவதில்லை அல்லவா, அதே கணக்குத்தான். தேய்மானம் தோல் அடுக்குக்குள் போன நாளிலிருந்து வேலையும் செலவும் வேறு.

நம்மில் பெரும்பாலானவர்களுக்குக் குதியின் பின்பக்க வெளிமூலைதான் முதலில் தேயும். நடக்கும்போது கால் அந்த மூலையில்தான் முதலில் ஊன்றுகிறது. எனவே சப்பாத்தைத் திருப்பி அந்த மூலையை மட்டும் பார்த்தால் போதும். றப்பரும் தோலும் சந்திக்கும் கோட்டுக்கு இரண்டு, மூன்று மில்லிமீற்றர் மிச்சம் இருக்கும்போதே மாற்ற வேண்டும்.

சப்பாத்து எப்படிக் கட்டப்பட்டது? மேற்தோலையும் சோலையும் ஒரு தோல் பட்டி வைத்துத் தைத்த சப்பாத்தை வெல்ட் சப்பாத்து என்பார்கள். சோலின் மேல் விளிம்பைச் சுற்றித் தையல் தெரியும். (விலை குறைந்தவற்றில் தையல் மாதிரி அச்சடித்திருப்பதும் உண்டு, நூல் உண்மையில் கீழ்ப்பக்கம் வருகிறதா என்று பாருங்கள்.) இந்த வகையில் சோலையும் குதியையும் பல தடவை மாற்றலாம், அதனால் திருத்தச் செலவு வீண் போகாது. வெறும் பசையால் ஒட்டிய சப்பாத்திலும் குதி றப்பர் மாற்றலாம். ஆனால் குதியும் சோலும் ஒரே வார்ப்பாக வந்திருந்தால் றப்பரை மட்டும் தனியே எடுக்க வழியில்லை.

செய்ததைப் பின்னால் மீட்க முடியுமா? பலர் யோசிக்காத, ஆனால் எனக்கு மிக முக்கியமான அளவுகோல் இது. இன்று செய்கிற வேலையை நாளை வேறொருவர் கழற்றிச் சரியாகச் செய்ய இடம் இருக்கிறதா? அளவான ஆணியால் அடித்த றப்பரைக் கழற்றலாம். சூப்பர் குளு ஊற்றிய தோலைக் கழற்ற முடியாது. சரிந்த தோல் அடுக்கைச் சமப்படுத்துகிறேன் என்று வெட்டிச் சாய்த்துவிட்டால், அந்த உயரம் திரும்பாது.

முழுச் செலவு என்ன? கூலி மட்டும் செலவு அல்ல. போக்குவரத்து, கூரியர், இரண்டாம் தடவை போகிற நாள், அந்த இடைவெளியில் போட வேறு சோடி, வேலை பிழைத்தால் இழப்பது, எல்லாம் சேர வேண்டும். அவற்றைக் கூட்டினால் அதே தரத்துப் புதுச் சப்பாத்தின் விலையில் மூன்றில் ஒன்றைத் தாண்டுகிறதென்றால் நான் நின்று யோசிப்பேன்.

எப்போது தேவை? நாளைக்கு வழக்கு என்றால் தெரிவுகள் தாமாகவே குறைந்துவிடும்.

## வழி 1: புதுச் சப்பாத்தென்றால் கடைக்கே திருப்பிக் கொடுப்பது

வாங்கிய உடனேயே தெரியும் குறைகளுக்கு இதுதான் முதல் வழி. அதனால் புதுச் சோடியை வெளியே போட்டுக்கொண்டு போவதற்கு முன் வீட்டில் ஒரு பரிசோதனை செய்யுங்கள். கண்ணாடி மேசையிலோ சமமான தளத்திலோ இரண்டையும் வைத்து, பின்னால் குனிந்து பாருங்கள். குதி நேராக நிற்கிறதா, உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்கிறதா? விரலால் ஒரு பக்கம் அமத்தினால் இடம் வலமாக ஆடுகிறதா? குதிக்கும் சோலுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் காட் நுழைகிறதா? உள்ளே கையை விட்டுக் குதிப்பகுதியைத் தடவினால் ஆணி முனை குத்துகிறதா?

தோல் சோல் போட்ட புதுச் சப்பாத்து முன்பின்னாக மிகச் சிறிதளவு ஆடினால் பயப்பட வேண்டாம்; சில தடவை போட்டதும் சோல் வளைந்து அமர்ந்துவிடும். ஆனால் பக்கவாட்டுச் சாய்வும், இடைவெளியும், குத்தும் ஆணியும் தாமாகச் சரியாகாது. அவை செய்த இடத்துக் குறைகள்.

இதன் மறைமுக விலை ஒன்றே ஒன்று: வெளியே போட்டு நடந்தால் உரிமை பலவீனப்படும். சோலில் மணல் கீறல் விழுந்த சப்பாத்தைக் கடைக்காரர் "பாவிச்சது" என்று சொல்வார்; நம் தெருவில் ஒரு தடவை நடந்தாலே கீறல் விழும். வீட்டுக்குள் பாய் மேல் நடந்து பார்த்துவிட்டு, படம் எடுத்து, பற்றுச்சீட்டோடு போங்கள். ஒத்துவராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். 1977 என்ற எண்ணில் அழைத்தும் விசாரிக்கலாம். பற்றுச்சீட்டு இல்லாமல் எதுவும் நகராது. பெட்டிக்குள்ளேயே அதை வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. கடை மாற்றித் தருவதற்கு முன் "நாங்களே ஒட்டித் தாறம்" என்று சொன்னால், புதுச் சப்பாத்தில் அதை ஏற்க வேண்டாம் என்பேன். சாய்வாக அடித்த குதியைப் பசை நேராக்காது.

## வழி 2: வீட்டிலேயே செய்வது

குதி றப்பரின் ஓரம் சற்றே கிளம்பியிருக்கிறது, உள்ளே குதிப்பகுதியின் மெல்லிய தோல் உரிந்திருக்கிறது, சோலுக்கும் குதிக்கும் நடுவில் ஓரிடத்தில் பசை விட்டிருக்கிறது. இந்த மூன்றுக்கும் வீட்டு வேலை போதும்.

பசைதான் இங்கே எல்லாம். சப்பாத்துக் கடைகளில் கிடைக்கும் மஞ்சள் நிறக் கம் வாங்குங்கள். இரண்டு பக்கமும் பழைய பசையைச் சுரண்டி, சாண்ட் பேப்பரால் கரடாக்கி, தூசு துடைத்து, இரண்டு பக்கத்துக்கும் மெல்லிய பூச்சாகப் பூசி, பத்துப் பதினைந்து நிமிடம் காய விடுங்கள். விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் சுத்தியலால் தட்டி, ஒரு நாள் முழுக்க அப்படியே வையுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மாரி காலத்தில் தோலுக்குள் ஈரம் இருந்தால் எந்தக் கம்மும் பிடிக்காது, இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்திய பிறகே தொடங்குங்கள்.

சூப்பர் குளு வேண்டவே வேண்டாம். காய்ந்ததும் அது கண்ணாடித் தன்மையாகிவிடும். குதி ஒவ்வொரு அடிக்கும் நசுங்கி விரியும் இடம், அங்கே விறைத்த பசை வெடிக்கும். வெடித்த பிறகும் தோலின் நாருக்குள் ஊறிய பகுதி அங்கேயே இருக்கும், அதன்மேல் நல்ல கம் பிடிக்காது. பிறகு தைப்பவர் அந்த அடுக்கையே வெட்டி எடுக்க வேண்டி வரும். சிறிய குழாயின் விலைக்கு ஒரு தோல் அடுக்கை இழப்பதுதான் இதன் மறைமுக செலவு.

முழுக் குதி றப்பரை வீட்டில் மாற்றுவது முடியாத காரியமில்லை. ஆனால் இரும்பு அச்சு (சப்பாத்தைக் கவிழ்த்து மாட்டி அடிக்கும் கால் வடிவக் கட்டை) இல்லாமல் ஆணி அடித்தால் அடி உள்ளே இறங்காது, றப்பர் ஓரத்தைச் சீவும்போது கத்தி மேற்தோலில் பாயும். தைப்பவரின் கூலியோடு பார்த்தால் அந்த ஆபத்துக்கு ஈடில்லை.

## வழி 3: ஊர்த் தைப்பவர்

மட்டக்களப்பு நகரத்திலும், காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்றுச் சந்தைப் பக்கங்களிலும் செருப்பும் பையும் குடையும் தைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வரும் வேலையில் பெரும்பகுதி செருப்பு வார், பாடசாலைப் பை. நல்ல தோல் சப்பாத்து அபூர்வமாகத்தான் வரும். வந்தால் கையிலிருக்கும் பொருளைத்தான் போடுவார்கள், அதில் அவர்கள்மேல் குறை சொல்ல எதுவுமில்லை.

சிக்கல் அந்தப் பொருளில்தான். பழைய டயர்த் துண்டு அடித்தால் வருடக்கணக்கில் உழைக்கும், உண்மைதான். ஆனால் அது தடிப்பமானது, அதற்குள் நைலோன் நூலோ கம்பியோ இருக்கும், சமமாகச் சீவ வராது, வெள்ளை ரைல்ஸில் கறுப்புக் கோடு இழுக்கும். செருப்புக்குப் போடும் மைக்ரோ சீற் (பஞ்சு மாதிரியான றப்பர்த் தகடு) இதற்கு எதிர்ப்பக்கம்: மென்மை, பாரமில்லை, ஆனால் பின்மூலை விரைவாக நசுங்கிச் சப்பாத்து பின்னால் சாய்ந்துவிடும். இரண்டிலும் தடிப்பம் மாறுகிறது என்பதுதான் பெரிய தீங்கு. 6 மில்லிமீற்றர் இருந்த இடத்தில் 10 மில்லிமீற்றர் ஏறினால், முழுச் சப்பாத்தும் முன்னால் சரியும். பாரம் விரல் பக்கம் போகும், சோலின் முன்பகுதி சீக்கிரம் தேயும், மேற்தோலில் புது இடத்தில் மடிப்பு விழும். குதியைத் திருத்தப் போய் முன்பக்கத்தைத் தேய்க்கிறோம்.

ஆணியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க் காற்றில் அது வேறிடத்தைவிட முக்கியம். கடலும் வாவியும் சூழ்ந்த இடத்தில் இரும்பு ஆணி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தோலில் இன்னொரு தீங்கும் நடக்கிறது. மரப்பட்டைச் சாறில் பதனிட்ட தோலில் இருக்கும் துவர்ப்பொருளும் ஈரத்தில் கரையும் இரும்பும் சேர்ந்தால் கருநீலக் கறை உண்டாகும். ஆணியைச் சுற்றியுள்ள தோல் கறுத்து, நொய்ந்து, ஓட்டை பெரிதாகி, ஆணி தளர்ந்துவிடும். வெளியே இருந்து பார்த்தால் "குதி ஆடுது" என்று மட்டுமே தெரியும். பித்தளை ஆணி துருப்பிடிக்காது. சிறிய பித்தளை ஆணி கிடைத்தால் அதையே கொடுங்கள், கிடைக்காவிட்டால் குறைந்தபட்சம் நல்ல கம்மோடு சேர்த்து, குறைவான ஆணி அடிக்கச் சொல்லுங்கள்.

இனி நான் மிகவும் வலியுறுத்துகிற வழி. ஆண்களின் சப்பாத்துக்கான குதி றப்பர்கள் வெளிநாடுகளில் சோடியாக விற்கப்படுகின்றன. இத்தாலிய வைப்ரம், இங்கிலாந்தின் டைனைட் போன்ற பெயர்களில் வருபவை தரமானவை. உள்ளங்கையில் அடங்கும், பாரம் மிகக் குறைவு. விடுமுறைக்கு வரும் யாராவது சட்டைப் பைக்குள் வைத்தே கொண்டுவந்துவிடலாம். உங்கள் குதியின் அடிப்பக்கத்தைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, நீளம், அகலம், தடிப்பம் மூன்றையும் மில்லிமீற்றரில் எழுதி அனுப்புங்கள். சற்றுப் பெரிதாக வாங்கச் சொல்லுங்கள்; மிஞ்சியதைச் சீவலாம், குறைந்ததை நீட்ட முடியாது. கொழும்பில் சப்பாத்துப் பொருள் விற்கும் கடைகளிலும் விசாரிக்கலாம்.

அப்படிப் பொருளோடு தைப்பவரிடம் போனால் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அண்ணன், பழைய றப்பரை மட்டும் கழட்டுங்க. தோல் அடுக்கில கை வைக்க வேணாம். ரெண்டு காலுக்கும் ஒண்டாப் போடுங்க. ஆணி உள்ளுக்கு வராத அளவாப் பாருங்க." ஒரு காலுக்கு மட்டும் மாற்றினால் இரண்டும் இரண்டு உயரமாகிவிடும் என்பதால்தான் ஒன்றாகப் போடச் சொல்வது. முடிந்தால் பக்கத்தில் இருந்து பாருங்கள். அவருடைய வேலையைக் கண்காணிக்க அல்ல. தோல் அடுக்கு எதிர்பாராமல் பிளந்திருந்தால் அந்த இடத்திலேயே இருவரும் பேசி முடிவெடுக்கலாம். கேட்கிற கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். நல்ல சப்பாத்தைப் பொறுமையாகச் செய்யும் ஒரு தைப்பவர் ஊரில் இருப்பது நம் எல்லோருக்கும் இலாபம்.

குத்தும் ஆணியை மடக்குவது, கழன்ற குதியைத் திரும்ப அடிப்பது, தேய்ந்த மூலையில் ஒரு தோல் ஆப்பு வைத்துச் சமப்படுத்துவது, இவை எல்லாம் ஊரிலேயே நன்றாக நடக்கும். ஆணி குத்தினால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

லாடம் அடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பின்மூலையில் சிறு இரும்பு லாடம் வைத்தால் தேய்மானம் நிற்கும், ஆனால் ஈர ரைல்ஸில் வழுக்கும். இன்று வங்கியும் வைத்தியசாலையும் கலியாண மண்டபமும் எல்லாமே ரைல்ஸ். மழை நாளில் படியேறும்போது ஒரு தடவை வழுக்கினால் மிச்சப்படுத்தியது எல்லாம் போய்விடும். பிளாஸ்டிக் லாடம் பரவாயில்லை.

## வழி 4: கொழும்புக்கு அனுப்புவது

தோல் அடுக்கே பாதி தேய்ந்து, குதி முழுவதையும் புதிதாகக் கட்ட வேண்டிய நிலை. சோலும் குதியும் சேர்த்து மாற்ற வேண்டிய வெல்ட் சப்பாத்து. பின்பகுதியின் விறைப்பு உடைந்தது. இவற்றுக்கு இயந்திரமும் சரியான தோலும் உள்ள இடம் வேண்டும். அப்போது கொழும்பு நியாயமான தெரிவு.

விறைப்பைப் பற்றிக் கொஞ்சம். நாம் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் வீட்டு வாசலுக்கும் ஒரு நாளில் எத்தனையோ தடவை சப்பாத்தைக் கழற்றிப் போடுகிறோம். லேஸ் அவிழ்க்காமல், பின்பக்கத்தை மிதித்து உள்ளே காலைத் தள்ளுகிற பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. மேற்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவில் இருக்கும் விறைப்புத் துண்டு அப்படித்தான் மடிந்து உடைகிறது. உடைந்தால் குதிக்கால் உள்ளே வழுக்கும், உள்தோல் கிழியும், காலுறையில் ஓட்டை விழும். இதை முறையாக மாற்ற வேண்டுமானால் குதியைக் கழற்றி, பின்தையலைத் திறந்து, புதுத் துண்டு வைத்து, மறுபடி எல்லாவற்றையும் மூட வேண்டும். நல்ல வெல்ட் சப்பாத்துக்கு மட்டுமே இது பெறுமதி. மற்றவற்றுக்கு ஊர்த் தைப்பவரிடம் உள்ளே ஒரு மெல்லிய தோல் ஒட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டலாம். அடிக்கடி கழற்றுகிறவர்கள் சப்பாத்துக் கரண்டி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது லேஸ் இல்லாத வகையை வாங்குங்கள்.

கொழும்பின் மறைமுக செலவு தூரம்தான். நேரில் போனால் ஒரு நாள் முழுக்கப் போகும். எடுக்க இன்னொரு நாள். கூரியரில் அனுப்பினால் நீங்கள் நினைத்தது ஒன்று, அவர்கள் செய்வது ஒன்றாகலாம். அதனால் நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்பி, என்ன செய்வார்கள், என்ன பொருள் போடுவார்கள், எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு அனுப்புங்கள். "முழுத் தோலா, நார் அட்டையா?" என்று கட்டாயம் கேளுங்கள். புதிதாகக் கட்டும் குதியை நார் அட்டையில் கட்டித் தந்தால், நம் மாரியில் ஒரு தடவை வெள்ளத்தில் நனைந்ததும் ஊதி அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். கொழும்பு வேலையாக எப்படியும் போகிறவர் வீட்டில் இருந்தால், அல்லது அங்கே படிக்கும் பிள்ளை இருந்தால், கணக்கு உடனே மாறிவிடும்.

## வழி 5: செய்த நிறுவனத்துக்கே

இங்கிலாந்தின் நோர்தாம்ப்டன் பகுதியில் நூறு வருடம் தாண்டிய சப்பாத்து நிறுவனங்கள் பல இருக்கின்றன. அவற்றில் பல, தாங்கள் செய்த சோடியைத் திரும்ப எடுத்து, அதே அச்சில் ஏற்றி, சோலும் குதியும் புதிதாகப் போட்டுத் தருகின்றன. வேலையின் தரத்தில் இதற்கு நிகர் இல்லை. ஆனால் கட்டணம் அதிகம், வாரக்கணக்கில் ஆகும், இங்கிருந்து தபாலில் அனுப்பினால் போக வரச் செலவும் சுங்கத்தில் விளக்கம் சொல்லும் வேலையும் சேரும். அண்ணன் லீவில் வந்து திரும்பும்போது கொடுத்துவிட்டு, அடுத்த தடவை வரும்போது எடுப்பது ஒன்றுதான் நடைமுறையில் சரிவரும். குதி றப்பர் மட்டும் தேய்ந்திருந்தால் இதற்குப் போகவே வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | எந்தப் பழுதுக்கு | மறைந்திருக்கும் செலவு | பின்னால் மீட்கலாமா |
|---|---|---|---|
| கடைக்குத் திருப்புவது | புதிதிலேயே சாய்வு, இடைவெளி, குத்தும் ஆணி | வெளியே போட்டால் உரிமை பலவீனம். மூன்று மாத எல்லை | கேள்வியே இல்லை |
| வீட்டில் ஒட்டுவது | ஓரம் கிளம்பல், உள்தோல் உரிதல் | பிழையான பசையால் ஒரு தோல் அடுக்கு போகும் | மஞ்சள் கம் என்றால் ஆம் |
| ஊர்த் தைப்பவர், அவர் பொருள் | அன்றாடச் சப்பாத்து, அவசரம் | உயரம் மாறும். முன்சோல் தேயும் | அடுக்கை வெட்டாவிட்டால் ஆம் |
| ஊர்த் தைப்பவர், நீங்கள் கொடுக்கும் பொருள் | நல்ல சப்பாத்தின் றப்பர்த் தேய்மானம் | பொருள் வரும்வரை காத்திருப்பு | ஆம் |
| கொழும்பு | தோல் அடுக்கு, விறைப்பு, முழுச் சோல் | பயணம், கூரியர், தவறான புரிதல் | பொருளைப் பொறுத்தது |
| செய்த நிறுவனம் | முழுப் புதுப்பிப்பு | நீண்ட காத்திருப்பு, தபால், சுங்கம் | ஆம் |

## யாருக்கு எது

தினமும் போடுகிற சட்டத்தரணி, வங்கி அலுவலர் என்றால் இரண்டு சோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள், குதி றப்பர் ஒரு சோடி எப்போதும் வீட்டில் இருக்கட்டும். வழி 3 உங்களுக்குத்தான். குதியின் அடியில் தோல் வேண்டுமா, முழு றப்பரா என்ற தெரிவு வந்தால், இந்த மணலுக்கும் மழைக்கும் முழு றப்பரே சரி. தோல் அழகுதான், ஆனால் நம் தெருவில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். சந்தியில் நிற்கும்போது குதியைத் தரையில் இழுத்து நிறுத்துவதும், குதியின் ஓரம் சூடான சைலன்சரில் படுவதும் றப்பரை ஒரு பக்கமாகத் தின்றுவிடும். அந்தத் தேய்மானம் உங்கள் நடையால் வந்ததில்லை. எந்த நல்ல றப்பர் போட்டாலும் அது தொடரும். ஓட்டும்போது செருப்பு, அலுவலகத்தில் சப்பாத்து என்று வைத்துக்கொண்டால் குதி பல மடங்கு உழைக்கும்.

நாளைக்குக் கலியாணம், இன்றைக்குக் குதி கழன்றது என்றால் தயங்காமல் ஊர்த் தைப்பவர். ஆனால் "கம் மட்டும் போட்டு ரெண்டு ஆணி அடிங்க, மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்று சொல்லுங்கள். தற்காலிக வேலை தற்காலிகமாகவே இருக்கட்டும்.

## எப்போது கைவிடுவது

அலுமாரிச் சப்பாத்து பற்றித் தனியே சொல்ல வேண்டும். சில வருடம் பெட்டிக்குள் இருந்த சோடியை எடுத்துப் போட்டதும் குதி கேக் துண்டாக உதிர்கிறது, மண்டபத்துக் கம்பளம் முழுக்கக் கறுப்புத் தூள். "போடவே இல்லையே, எப்படிப் போனது?" என்று கேட்கிறார்கள். அது போலியுறேதேன் என்ற பொருளால் வார்த்த சோல். காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறுகளை மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும். வெப்பமும் ஈரமும் கூடிய இடத்தில் வேகம் கூடும், மட்டக்களப்பில் இரண்டுக்கும் குறைவில்லை. போடாமல் வைப்பது அதைக் காப்பாற்றாது. நகத்தால் அமத்திப் பாருங்கள்: பள்ளம் திரும்பாமல் நின்றாலோ, பிசுபிசுத்தாலோ, மெல்லிய வெடிப்புத் தெரிந்தாலோ தொடங்கிவிட்டது.

இதைப் பசை போட்டு ஒட்டச் சொல்லிக் காசு செலவழிக்காதீர்கள். ஒட்டுகிற பரப்பே உதிரும்போது பசை எதைப் பிடிக்கும்? மேற்தோல் நல்ல தோலாக, உங்களுக்குப் பிடித்த சப்பாத்தாக இருந்தால், பழைய வார்ப்பை முழுதாக எடுத்துவிட்டு றப்பர்ச் சோல் ஒட்டலாம். அது கூடிய வேலை, மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். மேற்தோலும் செயற்கை என்றால் விட்டுவிடுவதே மேல்.

கைவிட வேண்டிய வேறு இரண்டு நிலைகள்: நார் அட்டைக் குதி வெள்ளத்தில் ஊதிப் பிரிந்தது, குதிக்கு மேலே மேற்தோலே வெடித்துக் கிழிந்தது. முன்னதில் மாற்றும் செலவு சப்பாத்தின் பெறுமதியைத் தாண்டும். பின்னதில் புதுக் குதி அடிக்க மேலே உறுதியான தோல் இருக்காது.

தோல் அடுக்குக் குதி வெள்ளத்தில் நனைந்தது மட்டுமென்றால் அவசரப்பட்டுக் கைவிட வேண்டாம். வெயிலிலும் அடுப்படியிலும் வைக்காமல், உள்ளே பத்திரிகைத் தாள் திணித்து, பக்கவாட்டில் சரித்து, குதிக்கும் காற்றுப் படும்படி நிழலில் உலர விடுங்கள். தாளை நனைய நனைய மாற்றுங்கள். ஒரு கிழமை ஆனாலும் ஆகட்டும். முழுதாக உலர்ந்த பிறகு குதியைத் தட்டிப் பாருங்கள். இறுக்கமான சத்தம் வந்தால் அடுக்குகள் ஒட்டித்தான் இருக்கின்றன. வெற்றொலி வந்தால் ஈரத்தில் ஆணியோ பசையோ விட்டிருக்கிறது; தைப்பவரிடம் கொண்டுபோய் அடுக்குகளைத் திரும்ப ஒட்டி அடிப்பித்துக்கொள்ளலாம்.